சூரியன் தூங்கிய வருஷங்கள்

நான் சலவைக் கடை நடத்துகிறவள். அழுக்கைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. மை, எண்ணெய், ரத்தம், துரு, குழந்தை வாந்தி எடுத்தது, எல்லாவற்றுக்கும் என்னிடம் வைத்தியம் உண்டு. கண்ணுக்குத் தெரியாமல், நாற்றமும் இல்லாமல், கறையும் விடாமல் ஓர் அழுக்கு இருக்கிறது என்று என் அண்ணி சொன்னபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அப்படி ஒன்றை அழுக்கு என்று எதற்குச் சொல்ல வேண்டும் என்று கேட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. அண்ணிக்குக் கோபமே வராது. குடும்பத்துக்கு வேண்டிய கோபத்தை நானே மொத்தமாக எடுத்துக்கொண்டுவிட்டேன்.

அண்ணி ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்க்கிறார். விஞ்ஞானி இல்லை, மரத்தைப் பிளக்கிறவர். அதற்கு முன்னால் பல் கட்டும் பட்டறை ஒன்றில் மெழுகில் பல் செதுக்கிக்கொண்டிருந்தார். பட்டறையை மூடினார்கள். அந்தச் சமயம் பார்த்து, நடுங்காத கை உள்ள ஆள் வேண்டும் என்று ஆராய்ச்சிக்கூடத்தில் தேடிக்கொண்டிருந்தார்கள். அன்று போனவர்தான். அக்கம்பக்கத்தில் யாராவது அண்ணிக்கு என்ன வேலை என்று கேட்டால் "மரம் வெட்டுறாங்க" என்பேன். கோடரியும் கையுமாக அவரை நினைத்துப் பார்த்துவிட்டு அவர்கள் முழிப்பார்கள். மரங்கொத்தி என்று அவருக்குப் பெயர் வைத்ததும் நான்தான்.

ஒரு தடவை அந்த இடத்தைப் பார்த்திருக்கிறேன். கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஜன்னல் இல்லாத அறை. வெள்ளை மேசை, கழுத்து வளைந்த விளக்கு, அடியில் ஒரு மர வில்லை. அண்ணி மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மூக்கு மரத்தில் இடிக்காத குறையாகக் குனிந்து, அறுவைக் கத்தியால் ஒரே ஒரு வளையத்தை மட்டும் சீவி எடுப்பார். ஒரு வளையம் மரத்துக்கு ஒரு வருஷம். பக்கத்து வருஷத்தின் தூள் ஒட்டிவிடக் கூடாது. சீவியதைக் குப்பியில் போட்டு அமிலத்தில் அலசி, காரத்தில் அலசி, மறுபடியும் அமிலத்தில் அலசுவார்கள். கடைசியில் பஞ்சு போல வெள்ளையாகக் கொஞ்சம் மிஞ்சும். அதை எரித்து ஒரு சிட்டிகைக் கரியாக்கி, வேறு கட்டடத்தில் இருக்கும் பெரிய எந்திரத்துக்கு அனுப்புவார்கள். இத்தனை அலசலைப் பார்த்தபோது எனக்கு அவர்கள்மேல் ஒரு மரியாதையே வந்துவிட்டது.

இவ்வளவு பாடும் எதற்கு என்றால், சூரியனுக்காக.

ஒரு நாள் கடையில் நான் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது அண்ணி அதை விளக்கினார். விண்வெளியின் தொலைவிலிருந்து கதிர்கள் ஓயாமல் பூமிமேல் வந்து விழுகின்றனவாம். அவை நம் காற்றில் ஒரு தனி ரகக் கரியை உண்டாக்குகின்றன. சூரியன் சுறுசுறுப்பாக இருக்கும் வருஷங்களில் அந்தக் கதிர்களில் ஒரு பங்கை வழியிலேயே விரட்டிவிடும், கரி குறையும். சூரியன் சோம்பிக் கிடந்தால் கதிர்கள் தாராளமாக உள்ளே வரும், கரி கூடும். மரம் காற்றைத் தின்று வளர்கிறது. அந்தந்த வருஷத்துக் காற்று அந்தந்த வருஷத்து வளையத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. வருஷம் முடிந்தால் கதவு சாத்தியாயிற்று, அப்புறம் எதுவும் உள்ளே போகாது.

இந்தக் கரியை எண்ணிப் பார்த்துத்தான் சூரியனுடைய குணத்தைக் கண்டுபிடிக்கிறார்கள். பதினோரு வருஷத்துக்கு ஒரு முறை, கொஞ்சம் முன்னே பின்னே, அதற்கு வேகம் ஏறி இறங்கும். அதற்கு மேலே நீண்ட தாளங்கள் உண்டு. இருநூறு வருஷத்துக்கு ஒன்று, அதைவிடப் பெரிதாக ஒன்று. சில சமயம் இரண்டு மூன்று தலைமுறைக்கு ஒரேயடியாகப் படுத்துவிடும்.

"படுத்துட்டா வெளிச்சம் இருக்காதா?" என்று கேட்டேன்.

"வெளிச்சத்துக்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல. முகத்துல புள்ளி இருக்காது. ஒரு மரு கூட இல்லாம வழிச்சு வெச்ச மாதிரி இருக்கும்."

அண்ணியின் மேசையில் இருந்தது, சரளைக்கல் தோண்டிய பள்ளத்தின் அடியில் கிடைத்த ஒரு கருத்த அடிமரம். பல ஆயிரம் வருஷப் பழசு. அது உயிரோடு நின்ற காலத்தில் சூரியன் அப்படி ஒரு நீண்ட தூக்கம் தூங்கியிருக்கிறது. பத்துப் பத்து வளையமாகச் சேர்த்து அளந்த பழைய அளவுகளில் அந்தத் தூக்கம் தெரிந்துவிட்டது. தெரியாதது ஒன்றுதான். அந்தத் தூக்கத்துக்குள் பதினோரு வருஷத் துடிப்பு இருந்ததா, அதுவும் அடங்கிப்போனதா? அதற்கு ஒவ்வொரு வருஷத்தையும் தனித்தனியாகப் பிரிக்க வேண்டும். தூக்கத்தின் நடுப்பகுதிக்கு வந்தால் வளையங்கள் காகிதம்போல ஒல்லியாக இருந்தன. என்ன காரணமோ, அந்த வருஷங்களில் அந்த மரம் நன்றாக வளரவில்லை. அந்த வளையங்களை எடுத்தால் தீர்ந்துவிடும். மறுபடி எடுக்க மிச்சம் இருக்காது, அந்தக் காலத்து மரம் அவர்களிடம் வேறொன்றும் கிடையாது. ஆகவே அந்த இடத்தை எல்லாரும் அண்ணியின் கைக்காக ஒதுக்கி வைத்திருந்தார்கள். அண்ணியும் அதற்காகவே காத்திருந்தார். அந்த வருஷங்களை வெட்டப்போகும் வாரத்தில் அவர் காய்கறி கூட நறுக்க மாட்டார், கை அலுத்துவிடும் என்று.

இனி என் அண்ணன். நகரப் பேருந்து ஓட்டுகிறவன், எப்போதும் காலையின் முதல் வண்டி. இருட்டோடு எழுந்து, சத்தம் போடாமல் கிளம்பிப் போய்விடுவான். சத்தம் போடாமல் இருப்பதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. நல்லதோ கெட்டதோ வாயைத் திறக்காத கல்லுளிமங்கன். இரண்டு பேருக்கும் வயது கொஞ்சம் ஏறிய பிறகுதான் கல்யாணம் நடந்தது. பெண்டாட்டியிடம் அவன் ஒரு அன்பான வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. அண்ணியின் பிறந்தநாளுக்கு இடித்த புளி மாதிரி உட்கார்ந்திருப்பான். நான் போய் ஒரு நல்ல துணி வாங்கிக்கொண்டு வந்து "அண்ணன் கொடுக்கச் சொன்னான்" என்று பொய் சொல்வேன். மரத்தோடேயே வேலை செய்து மரத்தையே கட்டிக்கொண்டீர்களே என்று அண்ணியைக் கேலியும் செய்வேன். அவர் சிரித்துக்கொள்வார். அந்தச் சிரிப்பில் ஏதாவது குறை இருக்கிறதா என்று நான் உற்று உற்றுப் பார்த்திருக்கிறேன். அண்ணி வருத்தப்படக் கூடாது என்பதுதான் என் கவலை. அம்மா போன பிறகு எனக்கு இருக்கும் ஒரே ஆதரவு அவர்.

அண்ணிக்குக் கண்ணாடி வாங்கிய கதையையும் இங்கே சொல்லிவிட வேண்டும். நாற்பதைத் தாண்டியதும் பக்கத்துப் பார்வைக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டார். சில மாதம் கழித்து, கடைத்தெருவில் அந்தக் கண்ணாடிக் கடைக்காரரைப் போலக் கிடையாது, தூசியே ஒட்டாத கண்ணாடி கொடுத்திருக்கிறார் என்று எல்லாரிடமும் சொல்ல ஆரம்பித்தார். மரத்தூளிலேயே கிடந்தாலும் மறுநாள் காலையில் எடுத்துப் போட்டால் பளிச்சென்று இருக்கிறதாம். நம்பி நானும் அங்கேயே ஒன்று வாங்கினேன். மத்தியானத்துக்குள் நீராவியும் பிசுக்கும் அப்பி, எதிரே நிற்பது ஆணா பெண்ணா என்றே தெரியவில்லை. கடைக்குப் போய் வாய்க்கு வந்தபடி சண்டை போட்டேன். எல்லாம் ஒரே கண்ணாடிதான் என்று அந்த மனிதர் தலையில் அடித்துக்கொள்ளாத குறையாகச் சொன்னார். ஆளுக்கு ஒரு சரக்கு வைத்திருக்கிறீர்களா என்று கேட்டுவிட்டு வந்தேன்.

ஒல்லி வளையங்களை வெட்டும் வாரம் வந்தது. அந்த வாரம்தான் அண்ணனுக்கு வயிற்று வலி முற்றியது. அவன் அதை யாரிடமும் சொல்லவில்லை. வியாழக்கிழமை தானாகவே மருத்துவரிடம் போயிருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் அவர்கள் வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. தட்டில் பாதியை அப்படியே வைத்திருந்தவனை நான் குடைந்து கேட்டேன்.

"வயித்துல ஏதோ கிருமின்னாங்க. ஒரு மாத்திரை கொடுத்து பலூன் ஊதச் சொன்னாங்க. இந்த வயசுல பலூன்" என்றான். அவனுக்கு அது பெரிய நகைச்சுவை.

அண்ணி கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்தார். "மாத்திரைல என்ன இருக்குன்னு சொன்னாங்களா?"

"ஏதோ கரின்னாங்க. உடம்புக்கு ஒண்ணும் பண்ணாதுன்னாங்க."

அண்ணி எழுந்து போய் ஜன்னலோரம் நின்றுகொண்டார். முகம் வெளுத்துவிட்டது. புருஷனுக்கு வியாதி என்று பயந்துவிட்டார் என நினைத்து நான் ஆறுதல் சொல்லப் போனேன். பக்கத்தில் வராதே என்று கையைக் காட்டினார்.

ஆராய்ச்சிக்கூடத்தின் வாசலில் ஒரு பலகை உண்டு. ஊதிப் பார்க்கும் வயிற்றுச் சோதனை செய்துகொண்டவர்களும், அவர்களோடு ஒரே வீட்டில் இருப்பவர்களும் உள்ளே வராதீர்கள் என்று அதில் எழுதியிருக்கும். அந்த மாத்திரையில் இருப்பது அண்ணி வளையம் வளையமாகத் தேடும் அதே தனி ரகக் கரி. உடம்புக்குக் கெடுதல் இல்லை, மருத்துவர் சொன்னது சரிதான். ஆனால் ஒரு மரம் முழுவதும் சேர்த்து வைத்திருப்பதைவிட அதிகமான கரி அந்த ஒரு மாத்திரைக்குள் இருக்கிறது. முதல் இரண்டு மூன்று நாள் அது மூச்சிலும் எச்சிலிலும் நிறைய வெளியே வரும், அப்புறமும் சில வாரம் கொஞ்சம் கொஞ்சமாக வந்துகொண்டிருக்கும். அந்த மூச்சு பட்ட துணியோடு அண்ணி வெள்ளியும் சனியும் வேலைக்குப் போயிருக்கிறார். அந்த இரண்டு நாளும் அவர் வெட்டியது சூரியன் ஆழ்ந்து தூங்கிய வருஷங்களை. அந்த வளையங்களில் இந்தக் கரி ஏறியிருந்தால் அவ்வளவுதான். அவர் இத்தனை காலம் செய்த வேலையின் நட்டநடுவில் ஓர் ஓட்டை விழும், அதை யாராலும் அடைக்க முடியாது.

ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று நான் அண்ணனைப் பிடித்து உலுக்கினேன். "அவ முக்கியமான வேலைல இருக்கா. என் வயித்தைப் பத்தி எதுக்குக் கவலைப்படணும்னு விட்டுட்டேன்" என்றான். அவன் சட்டையைப் பிடித்திருந்த கையை எடுத்துவிட்டேன்.

அன்றே ஆராய்ச்சிக்கூடத்தைப் பூட்டினார்கள். அண்ணியின் கைப்பை, செருப்பு, மூக்குக்கண்ணாடி எல்லாவற்றையும் உறை உறையாகப் போட்டு எடுத்துக்கொண்டு போனார்கள். அவர் தொட்ட மேசை, விளக்கு, கதவுக் கைப்பிடி எல்லாவற்றையும் சின்னச் சின்னத் துண்டுகளால் துடைத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். அண்ணனுடைய மூச்சு சுத்தமாகும் வரை அண்ணி அந்த வீட்டுக்குப் போகக் கூடாது. தலைக்குக் குளித்து, என் உடைகளை மாட்டிக்கொண்டு, கடைக்கு மேலே இருக்கும் என் வீட்டுக்கு வந்தார்.

அப்புறம் நடந்த கூத்தைக் கேளுங்கள். அண்ணி தினமும் காரமில்லாமல் சூப்பு வைத்துக் கொடுப்பார், நான் கொண்டுபோய் அண்ணன் வீட்டு வாசலில் வைப்பேன். போன பாத்திரம் திரும்பி வரக் கூடாது என்பது அண்ணியின் சட்டம். ஒரு வாரத்தில் என் அடுக்களை காலி. கடைசியில் தண்ணீர் குடிக்கும் குவளையில் சமைக்க வேண்டியதாயிற்று. சாயங்காலம் வேலை முடிந்ததும் அண்ணன் எதிர்ப்புற நடைபாதையில் வந்து நிற்பான். அண்ணி கடை வாசலில் நிற்பார். நடுவில் தெரு. கிருமிக்குக் கொடுத்த மருந்து சாப்பிட்டீங்களா என்று இவர் கேட்பார், அவன் தலையாட்டுவான். வலி இருக்கா என்பார், கையை அசைப்பான். இவ்வளவுதான் பேச்சு, ஆனால் அரை மணி நேரம் நின்றுவிட்டுத்தான் போவான். இருவரும் பிரிந்துவிட்டார்கள் என்று தெருவில் கதை கட்டினார்கள். துணி கொடுக்க வந்த ஒருத்தி, இந்த வயதில் இது தேவையா என்று என்னிடமே கேட்டாள். அவளுடைய வெள்ளைச் சட்டையை நான் கொஞ்சம் நீலம் தூக்கலாகவே போட்டுக் கொடுத்தேன்.

பகலெல்லாம் அண்ணி சும்மா உட்கார்ந்திருந்தார். அப்படி அவரை நான் பார்த்ததே இல்லை. என் கடையில் பொத்தான் தைத்துக் கொடுங்கள் என்றால் ஊசியைக் கையில் எடுப்பார், கோர்க்க மாட்டார். "அந்த மரம் இத்தனை காலம் பத்திரமா வெச்சிருந்துச்சு. என் கைக்கு வந்ததும் கெட்டுப்போகணுமா?" என்று ஒரே ஒரு தடவை சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது. போய் இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கினேன்.

ஒரு வாரம் கழித்து ஆராய்ச்சிக்கூடத்துத் தலைவி நேரிலேயே கடைக்கு வந்தார். அண்ணியைவிட வயதில் சின்னவர், அண்ணியை அக்கா என்றுதான் கூப்பிடுவார். தொங்கிக்கொண்டிருந்த சட்டைகளுக்கு நடுவே நின்று சொன்னார். மேசை, விளக்கு, கைப்பிடி, செருப்பு எல்லாம் சுத்தம். கைப்பையின் உள்பக்கம் லேசாக. ஒரே ஒரு பொருளில் மட்டும் எக்கச்சக்கம்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. உங்க மூக்குக்கண்ணாடியை யார் தொடுவாங்க?"

"யாரும் தொட மாட்டாங்க. ராத்திரி அலமாரில வெப்பேன், காலைல எடுப்பேன்."

"சும்மா தொட்டா இவ்வளவு வராது. யாரோ வாய் வெச்சு ஊதித் துடைச்சிருக்காங்க. ரெண்டு பக்கமும், நல்லா அழுத்தி."

அண்ணிக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குத்தான் முதலில் அந்தக் கண்ணாடிக் கடைக்காரரின் முகம் ஞாபகத்துக்கு வந்தது. தூசியே ஒட்டாத கண்ணாடி!

அன்று சாயங்காலம் அண்ணன் வழக்கம்போல எதிரே வந்து நின்றான். அண்ணி வாசலுக்குப் போனார். நடுவில் வண்டிகள் போய்க்கொண்டிருந்ததால் கத்தித்தான் கேட்க வேண்டியிருந்தது.

"என்னங்க, என் கண்ணாடியை ஊதினீங்களா?"

அண்ணன் குனிந்து காலணியைப் பார்த்தான். தெருவில் போன இரண்டு பேர் நின்றுவிட்டார்கள். "ஆமா" என்றான்.

"எப்ப?"

"காலைல. வண்டிக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி. நீ தூங்கிட்டிருப்பே."

"வெள்ளிக்கிழமையா, சனிக்கிழமையா?"

"தினமும்" என்றான். இவளுக்குக் காது கேட்கவில்லையோ என்று நினைத்து இன்னும் உரக்கச் சொன்னான். "தினமும்தான். நீ கண்ணாடி போட்டதுலேர்ந்து. மரத்தூளா இருக்கும். கண்ணு உறுத்துமேன்னு."

தெருவே கேட்டது. அவன் ஆயுளில் இத்தனை உரக்க, இத்தனை வார்த்தை பேசியது அன்றைக்குத்தான். அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். தான் எல்லாவற்றையும் கெடுத்துவிட்டோம் என்று நினைத்து அவன் பதறிப்போய் ஒரு காலைத் தெருவில் வைத்தான். மூச்சு ஞாபகம் வந்து மறுபடியும் பின்னால் எடுத்துக்கொண்டான்.

"கெட்டுப்போச்சா?" என்று கேட்டான்.

"தெரியல. நீங்க வீட்டுக்குப் போங்க. பனி விழுது."

கெட்டுப்போனதா என்று தெரிய இன்னும் பல நாள் ஆயிற்று. அந்த இரண்டு நாளில் வெட்டிய வளையங்களில் சற்றே தடித்த ஒன்றிலிருந்து துளி மிச்சம் இருந்தது. அதை முதலில் அலசி, எரித்து, எந்திரத்துக்கு அனுப்பினார்கள். அது தேறினால்தான் மற்றவற்றைத் தொடுவது என்று முடிவு. இதற்கிடையில் அண்ணனையும் கூப்பிட்டு ஒரு பையில் ஊதச் சொல்லி அவனுடைய மூச்சை அளந்தார்கள். மறுபடியும் பலூனா என்று அலுத்துக்கொண்டே ஊதினான். மூச்சு சுத்தம். வயிற்றுக் கிருமியும் மருந்துக்கு அடங்கியிருந்தது.

அந்தத் துளி வளையம் தேறியது. கண்ணாடி மரத்தைத் தொட்டதே இல்லை; அப்படியே ஏதாவது இருந்திருந்தாலும் அமிலமும் காரமும் அலசிக்கொண்டு போயிருக்கும் என்றார் தலைவி. நன்றாக அலசினால் போகாதது ஒன்றும் இல்லை என்று நான் முதலிலேயே சொல்லியிருப்பேன், என்னை யார் கேட்டார்கள். பிறகு மற்ற வளையங்களும் ஒவ்வொன்றாக எந்திரத்துக்குப் போயின.

முடிவு வந்த அன்று அண்ணி என் கடையில்தான் இருந்தார். தொலைபேசியில் கேட்டுக்கொண்டே, துவைக்க வந்த துணிக் குவியலின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். நான் பயந்துபோய்த் தண்ணீர் எடுத்துக்கொண்டு ஓடினேன்.

"நிக்கலையாம்" என்றார். "சூரியன் தூங்கின அத்தனை வருஷமும் அந்தத் துடிப்பு நிக்கலையாம். ரொம்ப லேசா, உத்துப் பார்த்தாத்தான் தெரியற மாதிரி. ஆனா ஒரு சுற்று கூட விடாம."

எனக்குச் சூரியனைப் பற்றி என்ன தெரியும். ஆனால் அவருடைய கை அன்றைக்குத்தான் நடுங்கிப் பார்த்தேன். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு நானும் துணிக் குவியலில் உட்கார்ந்தேன். இரண்டு பேரும் யாருடைய சட்டையிலோ மூக்கைத் துடைத்துக்கொண்டோம்.

இப்போது கூடத்தில் புதுச் சட்டம். வேலைக்கான கண்ணாடி அங்கேயே இருக்கும், வீட்டுக்கு வரக் கூடாது. பழைய கண்ணாடி பல சோதனை தாண்டி வீடு திரும்பிவிட்டது. வீட்டில் அண்ணிக்கு அதற்கு அதிகம் வேலை இல்லை. எப்போதாவது ஊசி கோர்ப்பார், மருந்துச் சீட்டைப் படிப்பார்.

போன மாதம் ஒரு சாயங்காலம் அவர்கள் வீட்டில் இருந்தேன். அண்ணன் சாப்பிட்டுவிட்டுச் சீக்கிரமே படுத்துவிட்டான், காலையில் முதல் வண்டி. நான் கிளம்பும்போது அண்ணி கண்ணாடியை எடுத்தார். அன்று முழுக்க அதை அவர் போடவே இல்லை, பளிச்சென்று இருந்தது. என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, இரண்டு பக்கமும் கட்டைவிரலை வைத்து நன்றாக அழுத்தி ரேகை பதித்து, அலமாரியில் அண்ணன் கைக்கு எட்டும் இடத்தில் வைத்தார்.

"பாவம், காலைல எழுந்து தேடுவார்" என்றார்.